நாலு தராசில் ஒரு பந்தயக் கார்

கருகிய ரப்பர் வாசனை. இலங்கை மலைநாட்டுப் பதுளை பஸ் நிலையத்தின் ஈர மேட்டில் ஒரு பஸ் ஏற முடியாமல் பின்சக்கரத்தைச் சுழற்ற, அந்த வாசனை புகையாக எழுந்து என்னை இருபத்தைந்து வருடம் பின்னால் தள்ளியது. சோழவரம். பழைய விமான ஓடுதளம். மாசி வெயில். இரண்டு கார்கள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. கொடி விழுகிறது. கால் மைல் தூரம், நேர்கோடு, பத்துப் பதினைந்து விநாடி, அவ்வளவுதான் பந்தயம். தூசி அடங்கியபோது என் பக்கத்தில் நின்ற வரதன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். கார் ஓடியதற்காக அழுத மனிதனை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்த வரதன்தான் என்னை இங்கே அனுப்பினான். சென்னையில் அச்சகம் வைத்திருக்கிறான். கல்யாணப் பத்திரிகை அடித்துச் சம்பாதிப்பதைப் பழைய பந்தயக் கார்களைப் பற்றிய காகிதங்களில் தொலைக்கிறான். அறுபதுகளில் ஒரு அமெரிக்கக் கம்பெனி, இந்தக் கால் மைல் ஓட்டத்துக்கென்றே, தன் தொழிற்சாலையிலேயே சில கார்களைக் கட்டியது. பார்வைக்குக் குடும்பக் கார். உள்ளே பின் சீட் கிடையாது, ஹீட்டர் கிடையாது, ரேடியோ கிடையாது. தகடு மெலிசு, கண்ணாடி மெலிசு. எஞ்சின் மட்டும் ராட்சசன். ஐம்பதுகூடக் கட்டவில்லையாம். ஒவ்வொன்றும் எங்கே போயிற்று, யார் ஓட்டினார், எந்த மரத்தில் மோதியது என்று கடிதம் எழுதி எழுதிக் கண்டுபிடித்து, உலகத்தின் பல மூலைகளில் சிலர் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார், தபால்காரர், பல் டாக்டர் என்று எல்லாம் சாதாரண மனிதர்கள். அந்தப் பட்டியலில் ஒரு காருக்கு நேரே இப்படி இருந்தது: ‘இலங்கைக்குப் போனது. அழிந்துவிட்டது.’

அழியவில்லை, என் கொட்டகையில் நிற்கிறது என்று ஹாலிஎலயிலிருந்து பெருமாள் என்றொரு மெக்கானிக் எழுதினார். படங்களும் அனுப்பினார். பட்டியல்காரர்கள் பார்த்துவிட்டு மரியாதையாகவே பதில் போட்டார்கள்: பின் சீட் இருக்கிறது, ஹீட்டர் இருக்கிறது, தொழிற்சாலையின் நம்பர் தகடு இல்லை, ஆகவே இது சாதாரணக் கார், வருந்துகிறோம்.

வரதன் வருந்தவில்லை. எங்கெங்கோ எழுதி, அந்தக் கார் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய நாளின் தாள் ஒன்றை நகல் எடுத்து வரவழைத்தான். நெஞ்சில் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம்; அவனால் வர முடியாது. “நீதான் ஒரு இடத்துல நிக்க மாட்டியே. போய்ப் பாத்துட்டு வா” என்றான். காரில் எனக்குத் தெரிந்தது கதவைத் திறப்பது மட்டும். வந்துவிட்டேன். சண்டை நிறுத்தத்தின் இரண்டாவது வருடம் அது. சோதனைச் சாவடிகளில் சிப்பாய்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த நல்ல காலம்.

கொழும்பிலிருந்து ரயில் ஒரு முழுப் பகலைத் தின்றுவிட்டு மலையேறும். ஜன்னலில் முதலில் தென்னை, அப்புறம் ரப்பர், அப்புறம் தேயிலை, அப்புறம் வெறும் மேகம். இறால் பதித்த வடையைப் பழைய பரீட்சைத் தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். தின்று முடித்தால் யாரோ ஒரு மாணவன் கணக்கில் வாங்கிய மதிப்பெண் தெரிகிறது. நம்மூர் ரயிலில் வடைக்கு இவ்வளவு காரம் போட்டால் கார்டு வரைக்கும் புகார் போகும். எதிரே இருந்த பெண்மணி, பண்டாரவளையில் இறங்குகிறவர், எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். ஒரு கார் பார்க்க என்றேன்.

“காரா? ரோட்டுல நின்னா நூறு போவுமேங்க!” என்றார். பெட்டியே சிரித்தது.

வியாழக்கிழமை காலை ஹாலிஎலயில் பெருமாளின் கொட்டகைக்குப் போனேன். ஐம்பது வயதிருக்கும். நகக்கண்ணில் கிரீஸ், காதில் பென்சில். மூன்று ஆட்டோக்கள் வயிறு திறந்து கிடந்தன. அவற்றுக்குப் பின்னால், தேயிலைச் சாக்குகளைத் தைத்த போர்வைக்குள், அது நின்றது.

போர்வையை அவர் ஒரே இழுப்பில் எடுக்கவில்லை. மூக்கிலிருந்து வால் வரை மடித்து மடித்து எடுத்தார். பச்சை நிறம். அதன் கீழே இன்னொரு பச்சை. அதற்கும் கீழே, கீறல் ஒன்றில், பால் வெள்ளை. நீளமான முன்பக்கம், சதுரமான முதுகு, தலைமேல் சாமான் ஏற்றும் கம்பி. நேராக ஓடுவதற்கென்றே பிறந்த மிருகத்தைக் கொண்டுவந்து, நேராக விழுவது மழை மட்டுமே என்றிருக்கும் ஊவா மலையில் கட்டிப்போட்டிருந்தார்கள்.

“ஊசிமலைத் தோட்டத்துத் துரை கப்பல்ல எறக்குனதுங்க” என்றார் பெருமாள். “இங்க எங்க ஓட்டுறது? கீழ மொனராகலைப் பக்கம் நேர் ரோட்டுக்குக் கொண்டுபோவாரு. எங்கப்பா தோட்டத்துல பிட்டரு, மிசினுங்களைப் பாக்குற வேலை. அவருதான் கூடப் போயி கொடி காட்டுவாரு. தோட்டமெல்லாம் அரசாங்கம் எடுத்ததும் துரை ஊருக்குப் போயிட்டாரு. காரை நம்ம பதுளைக் கடை மொதலாளி வாங்கினாரு.”

“அப்புறம் இந்தப் பின் சீட்டு?”

பெருமாள் காதுப் பென்சிலை எடுத்தார், மறுபடி செருகினார். “அது எங்கப்பா வேலைங்க. மொதலாளி வீட்டுல புள்ளைங்க அஞ்சு. பின்னாடி சீட்டு இல்ல. கம்பெனிக்காரன் அவசரத்துல மறந்துட்டான்னு எங்கப்பா நெனச்சுட்டாரு. எங்கயோ ஒடைஞ்ச கார்ல இருந்து சீட்டு எடுத்துத் தச்சாரு. வெலிமடைக்குப் போனா குளிருதுன்னு மொதலாளி வீட்டுப் பெரியம்மா சொன்னாங்க, ஹீட்டரு போட்டாரு. கண்ணாடி மெலிசா ஆடுதுன்னு தடிச்ச கண்ணாடி மாத்தினாரு. இந்தக் கார்ல அவரு கைபடாத கொறையே இல்லங்க.”

“நம்பர் தகடு?”

முன்மூடியைத் திறந்து காட்டினார். எஞ்சினுக்குப் பின்னால் இருந்த தகட்டுச் சுவரில், ஹீட்டர் குழாய் நுழைய உளியால் வெட்டிய ஓட்டை. சரியாகத் தகடு இருந்த இடம்.

கொட்டகையின் மூலையில் ஒரு பிஸ்கட் டின். துரை எடுத்த படங்கள், டயர் வந்த பெட்டியின் அட்டை, கொடியின் கிழிந்த துணி, பெருமாளின் அப்பா சொல்லச் சொல்ல எழுதிய நோட்டு. ஊசிமலைத் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் சிவபாலன், பூர்வீகம் யாழ்ப்பாணம், அதை நம்பர் போட்டு அடுக்கி வைத்திருந்தார். போயா லீவு நாள்களில் இரண்டு பேரும் இங்கேதான் உட்காருவார்களாம். பௌர்ணமி, தண்ணி கிடையாது, கடை கிடையாது. காரைத் துடைப்பார்கள், நோட்டில் ஒரு வரி சேர்ப்பார்கள். பன்னிரண்டு வருடமாக இதுதான் அவர்கள் பூசை.

“வரப்போற போயாவுக்கு இது இருக்காதுங்க” என்றார் பெருமாள். சனிக்கிழமை மொனராகலையிலிருந்து, மரம் அறுக்கும் மில் வைத்திருக்கும் ஜயசேன வருகிறார். எஞ்சினை இறக்கிக்கொண்டு போய் ரம்பத்தில் மாட்டப்போகிறார்.

அன்றைக்கே பதுளைக்கு ஓடினோம். கார் இப்போது மங்கையம்மாவுக்குச் சொந்தம். வாங்கியவரின் மருமகள், இரும்புக் கடையை நடத்துகிறவர். ஆணி, கம்பி, கூரைத் தகரத்துக்கு நடுவே உட்கார்ந்து மூன்று மொழியில் அதட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பராட்டாவும் சீனிச் சம்பலும் வரவழைத்தார். வெங்காயம் இவ்வளவு இனிக்கும் என்று எனக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை.

“நான் ஜயசேனவுக்கு வாக்குக் குடுத்தாச்சு அண்ணே. கடைக்கு மழை ஒழுகுது, அந்தக் காரு இருபது வருசமா சும்மா நிக்குது. வெளிநாட்டுக்காரனே சாதாரணக் காருன்னு எழுதிட்டான். பொய்க் காருக்கு நான் என்ன கும்பாபிஷேகமா பண்ண முடியும்?”

“நெசக் காரும்மா” என்றார் பெருமாள்.

“அதைத்தான் நீயும் உங்கப்பாவும் எனக்குக் கல்யாணமான நாள்ல இருந்து சொல்றீங்க. ஜயசேனவும் ஒத்துக்கிற மாதிரி நிரூபி. எஞ்சினு கார்லயே நிக்கும். இல்லன்னா சனிக்கெழம ஏத்தி அனுப்பிடுவேன், அழக்கூடாது.”

சாயங்காலம் கொட்டகையில் வரதனின் தாளை விரித்தோம். சிவபாலன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். நிறம் வெள்ளை. அதைக் கீறலே சொல்கிறது. ஆனால் வெள்ளைக் கார் ஆயிரம் உண்டு. முன்பக்கம் அலுமினியம். காந்தம் ஒட்டவில்லை. “உந்த அலுமினியம் கடையிலயும் வித்தவங்கள். ஆரும் வாங்கிப் பூட்டலாம் எண்டு சொல்லுவினம்” என்றார். கடைசி வரியில் விரல் நின்றது. “இதில நிறை போட்டிருக்கு. பெட்ரோல் இல்லாமல் மூவாயிரத்து இருநூற்றுப் பத்து றாத்தல். சாதாரணக் காரெண்டால் இருநூறு கிலோவுக்கு மேல கூட வரும்.”

“அதை வெச்சு என்னங்க பண்றது?” என்றார் பெருமாள்.

வாசலில் பெருமாளின் மனைவி லெட்சுமி. மலையிலிருந்து நேராக வந்திருந்தார். கூடை முதுகில், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நனைந்திருந்தது. “எங்களைக் காலையில ஒருவாட்டி, மத்தியானம் ஒருவாட்டி, அந்தியில ஒருவாட்டி நிறுக்குறீங்க” என்றார் டீமேக்கரைப் பார்த்து. “காரை ஒருவாட்டி நிறுத்தா என்ன?”

“அவ்வளவு பெரிய தராசு எங்க பிள்ளை இருக்கு?”

“சக்கரம் நாலுதானே? நாலு தராசு வையுங்க. மாமனாரு வெச்சது, மொதலாளி வெச்சதுன்னு உள்ள கெடக்குறதையெல்லாம் தனியா நிறுத்துக் கழிங்க. எங்க கொழுந்துல சாக்குக்குன்னு கழிக்கிறீங்கல்ல, அந்த மாதிரி. எங்களுக்கு மட்டும்தான் கழிக்கணும்னு சட்டமா?”

நான் எழுதிய எந்தக் கவிதையிலும் இவ்வளவு நேரான வரி இல்லை.

வெள்ளிக்கிழமை தராசு வேட்டை. மூட்டை நிறுக்கும் பெரிய மேடைத் தராசுகள். தொழிற்சாலையில் இரண்டு இருந்தன. காரையே அங்கே கொண்டுபோகலாமே என்றேன். சிவபாலன் பதறிவிட்டார். “பெட்ரோல் வாசம் பட்டால் பெட்டித் தேயிலை எல்லாம் பெட்ரோலாய்க் குடிக்க வேண்டியதுதான். தராசைக் கொண்டுபோங்கோ, சோப்புப் போட்டுக் கழுவித் தாங்கோ.” மூன்றாவதை மங்கையம்மா கடையிலிருந்து அனுப்பினார். நான்காவதுக்கு வெலிமடை உருளைக்கிழங்கு மண்டி.

அதைப் பெருமாளும் நானும் பஸ்ஸின் பின்பக்கத்தில் ஏற்றினோம். பாதி வழியில் டயர் போயிற்று. மாற்று டயர் எங்கள் தராசுக்கு அடியில். இறக்கி ரோட்டோரம் வைத்தோம். சும்மா நிற்கும் தராசைக் கண்டால் மனிதனுக்குக் கால் ஊறும் போலிருக்கிறது. முதலில் கண்டக்டர் ஏறினார். அப்புறம் ஒரு பிக்கு, சிரித்துக்கொண்டே. அப்புறம் லீக்ஸ் காய்கறிக் கட்டோடு ஒரு சிங்கள அம்மாள். கட்டை இறக்கிவிட்டு ஏறச் சொன்னதற்கு, “அதையும் சேர்த்துத்தான் என் புருஷன் என்னைக் கட்டினார்” என்று அவர் சொன்னதைப் பெருமாள் எனக்குத் தமிழாக்கினார். டயர் மாட்டி முடித்தும் வரிசை முடியவில்லை. டிரைவரும் ஏறி இறங்கிய பிறகுதான் பஸ் கிளம்பியது. நம்மூரில் இந்நேரம் கண்டக்டரோடு சண்டை பிடித்திருப்போம்.

சனிக்கிழமை காலையில் பனி விலகுமுன் வேலை தொடங்கியது. கொட்டகையின் தரை சமமில்லை. கொத்தனாரின் தண்ணீர்க் குழாயை வைத்து மட்டம் பார்த்துப் பலகை கொடுத்தார் பெருமாள். பெட்ரோலை வடித்தாயிற்று. நாலு தராசும் ஒரே மாதிரி பேசுமா என்று பார்க்க லெட்சுமியை ஒவ்வொன்றிலும் நிற்கச் சொன்னோம். கடைத் தராசு: ஐம்பத்திரண்டு கிலோ. உருளைக்கிழங்குத் தராசு: ஐம்பத்திரண்டு. தொழிற்சாலைத் தராசில் ஒன்று: ஐம்பத்திரண்டு. இன்னொன்று: ஐம்பது.

லெட்சுமி இறங்கவில்லை. “டீமேக்கர் ஐயா. இதுலதான எங்க டிவிசன் கொழுந்தை நிறுக்குறீங்க?”

சிவபாலன் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். “பழைய தராசு பிள்ளை. ஆணை, எனக்குத் தெரியாது.”

“தெரியாமலே ரெண்டு கிலோ. தெரிஞ்சிருந்தா எத்தனையோ!”

அவர் திருப்புளி வாங்கி, மண்டியிட்டு, ஐம்பத்திரண்டு காட்டும்வரை திருகினார். “திங்கக்கெழம இப்படியே மலைக்கு வரணும், திருப்பி முறுக்கக்கூடாது” என்றார் லெட்சுமி. “வரும்” என்றார் அவர். அந்த ஒரு சொல்லுக்காகத் தோட்டம் அவர் வேலையையே பறிக்கலாம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

காரை ஜாக்கியில் தூக்கி நாலு தராசிலும் இறக்கும்போது லாரி வந்து நின்றது. ஜயசேன. கனத்த உடம்பு, சட்டைப் பையில் வெற்றிலை, கையில் சங்கிலிக் கப்பி. பின்னாலேயே ஆட்டோவில் மங்கையம்மா. விஷயத்தைக் கேட்டுவிட்டு ஜயசேன யோசித்தார். பிறகு சிங்களத்தில் சொன்னார்: “நீங்கள் எல்லாரும் ஒரு பக்கம். முள்ளை நான்தான் படிப்பேன்.”

அதைவிட நல்ல ஏற்பாடு எங்களுக்கும் தோன்றியிருக்காது.

ஒவ்வொரு தராசின் முன்னும் குந்தி, குண்டை நகர்த்தி, உரக்கப் படித்தார். முன்சக்கரங்கள் நானூற்று முப்பத்திரண்டு, நானூற்று இருபத்தைந்து. பின்சக்கரங்கள் முந்நூற்று அறுபத்தொன்று, முந்நூற்று ஐம்பத்தெட்டு. மொத்தம் ஆயிரத்து ஐந்நூற்று எழுபத்தாறு கிலோ. சிவபாலன் தாளின் றாத்தலைக் கிலோவாக்கிச் சொன்னார்: ஆயிரத்து நானூற்று ஐம்பத்தாறு. நூற்றிருபது கிலோ கூடுதல். ஜயசேன சங்கிலியைக் கையில் எடுத்தார். பெருமாளின் முகம் சாம்பலாயிற்று.

“எங்க, இன்னும் சாக்குக் கழிக்கலையே!” என்றார் லெட்சுமி.

பெருமாள் ஸ்பேனரை எடுத்தார். அவர் அப்பா ஒவ்வொன்றாகச் சேர்த்ததை அவர் ஒவ்வொன்றாகக் கழற்றினார். பின் சீட், நாற்பத்தொன்று. தலைமேல் கம்பி, இருபத்தேழு. ரேடியோவும் அதன் பெட்டிகளும் பதின்மூன்று. தடித்த கண்ணாடிகள், இருபத்தொன்பது. கடைசியில் ஹீட்டர். துருவேறிய போல்ட்டோடு அரை மணி மல்லுக்கட்டினார். வெளியே வந்ததும் உடனே தராசில் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பதினைந்து.

சிவபாலன் கூட்டினார். அடித்தார். மறுபடி கூட்டினார். “ஆயிரத்து நானூற்று ஐம்பத்தொண்டு.”

“அஞ்சு கிலோ கொறையுதே?” என்றார் மங்கையம்மா.

“பாத்தீங்களா, கணக்கப்பிள்ளை மாதிரி கூடுதலாக் கழிச்சிட்டாங்க” என்றார் லெட்சுமி.

சிவபாலன் திடீரென்று எழுந்தார். “இல்லை, இல்லை! தடிச்ச கண்ணாடியைக் கழிச்சனாங்கள். பழைய மெல்லிசுக் கண்ணாடி எங்க? அது இல்லாமல்தானே நிக்குது. அந்த அஞ்சு கிலோ அதுதான்!”

ஜயசேன தானே போய்த் தாளைப் பார்த்தார், தராசுகளைப் பார்த்தார், கண்ணாடியில்லாத ஜன்னலுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். சங்கிலியை லாரியில் வீசினார். அது விழுந்த ஓசை ஹாலிஎல ரயில் நிலையம் வரை கேட்டிருக்கும்.

“மரம் அறுக்க இது வேண்டாம்” என்றார் மங்கையம்மாவிடம். “நோனா, எனக்கு வேறு எஞ்சின் பார்த்துக் கொடுங்கள். ஆனால் இதை ஒருமுறை போடுங்கள், கேட்டுவிட்டுப் போகிறேன்.”

“பாத்துத் தர்றது என் பொறுப்பு” என்றார் மங்கையம்மா. “பெருமாளு, என்ன முழிக்கிற? போடு!”

பெட்ரோல் திரும்ப உள்ளே போயிற்று. இரண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை கூரைத் தகரம் அதிர்ந்தது, தேநீர்க் கோப்பைகள் பலகையில் நடனமாடின, எதிர் மலையின் கொழுந்து நிரைகளில் பெண்கள் நிமிர்ந்து நின்றார்கள். மங்கையம்மா முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். விளையாட்டு மைதானத்தை ஒட்டி நூறு கஜம் நேர் ரோடு இருக்கிறது. ஊவாவுக்கு அது பெரிய சொத்து. பெருமாள் அதில் ஒரே ஒரு தடவை விட்டார். போனது தெரியவில்லை, சத்தம் மட்டும் மலைகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்தபோது மங்கையம்மாவின் கொண்டை அவிழ்ந்திருந்தது. “இருபது வருசமா இதையா சாக்குப் போட்டு மூடி வெச்சிருந்தீங்க!” என்று பெருமாளை அடிக்கப் போனார். ஜயசேன கைதட்டினார். வெற்றிலைப் பை எல்லாருக்கும் சுற்றி வந்தது.

மத்தியானமே அறிக்கை எழுதினேன். நாலு தராசு, நாலு எண், கழித்தவை, மீதி. முதல் கையெழுத்து ஜயசேனவுடையது, சிங்களத்தில், மூன்று வரி நீளத்துக்கு. தபாலகத்திலிருந்து வரதனுக்குப் போன் போட்டு எண்ணைச் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம். மறுபடி அழுகிறான் என்று புரிந்து ரிசீவரை மெதுவாக வைத்தேன்.

ஞாயிறு காலை பதுளை ரயில் நிலையத்துக்குப் பெருமாளும் லெட்சுமியும் வந்திருந்தார்கள். ரொட்டியும் கட்டச் சம்பலும் சுற்றிய பார்சல் ஒன்று, தோட்டத் தூள் இரண்டு கிலோ. “மூணு தராசுல பாத்துட்டேங்க, ரெண்டு கிலோதான்” என்றார் லெட்சுமி. ரயிலுக்கு நேரமிருந்தது. அறிக்கையை ஒருமுறை பார்க்கட்டுமா என்று பெருமாள் கேட்டார். கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் படித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

“இதுல ‘தகடு காணாமல் போனது’ன்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமாம். எதுக்கு உங்கப்பா பேரை...”

“காணாமப் போவலைங்களே.” காதுப் பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார். ரயில் ஊதியது. நான் படியில் ஏறி நின்று அந்த வரியை அடித்தேன், அவர் சொல்லச் சொல்ல எழுதினேன், பெட்டி நகரத் தொடங்கியது. அவர் கூடவே நடந்து வந்தார்.

“முனியாண்டி, ஊசிமலை பிட்டரு, உளியால வெட்டினாருன்னு போடுங்க. தப்புன்னே போடுங்க, பரவால்ல. ஆனா உள்ள ஒக்காந்தவங்களுக்குக் குளிரக்கூடாதுன்னுதான் வெட்டினாருன்னு, அதையும் விடாம எழுதிடுங்க!”